கேளுங்க, சொல்றோம்: படிப்பும் புத்தகமும்

கேள்வி: எங்க ஐயா காலத்துப் புத்தகம் ரெண்டு பெட்டகம் நிறைய கெடக்கு. வீட்டைப் பாகம் பிரிக்கிறோம், பழைய பேப்பர் கடைக்குப் போட்ரலாம்ங்குறான் தம்பி. என்ன செய்ய?
– ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க ஆச்சி. உங்களுக்குப் பக்கத்துல கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார்னு ஒருத்தர் இருந்தாக, போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட், இப்படி வீட்டுக்கு வீடு கழிச்சுப் போட்டதைத்தான் தேடித் தேடிச் சேத்தாக, புத்தகம் மட்டுமில்ல, பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைகூட விடல. 1992ல அவுக காலமானப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி மொத்தத்தையும் வாங்குச்சு, ஆனா கப்பல்ல ஏத்தாம சென்னையிலயே 1994ல லைப்ரரியா வச்சாங்க, இப்ப தரமணியில இருக்கு. எங்கெங்கேருந்தோ பிஎச்.டி பண்றவங்க வந்து உக்காந்து நோட்ஸ் எடுக்குறாங்க, நாம எடைக்குப் போடப் பாக்குறோம்!

முதல்ல ஒவ்வொண்ணுலயும் முதல் பக்கத்தை போன்ல போட்டோ எடுங்க, அச்சகம், ஊர், வருஷம் எல்லாம் அதுலதான் இருக்கும். ரங்கூன், பினாங்குன்னு போட்டிருந்தா தனியா எடுத்து வைங்க. அந்த லிஸ்டை தரமணி லைப்ரரிக்கு அனுப்பிக் கேட்டுட்டு அப்புறம் பாகம் பிரிங்க. மொய் எழுதுன நோட்டு, வட்டிக்கடைக் கணக்கு எதையும் குப்பைன்னு நெனைச்சுராதீக. கிழிஞ்ச பக்கத்துல செல்லோ டேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீக, அந்தப் பசை மஞ்சளாகிப் பேப்பரையே தின்னுரும்.

கேள்வி: மக கெமிக்கல் இன்ஜினியரிங் கேக்குறா. ஏ.சி.டெக்னா நம்ம காரைக்குடியிலயே இருக்குறதுதானே?
– தேவகோட்டை வாசகர்

பதில்: இல்லண்ணே, இந்தக் குழப்பம் வருஷா வருஷம் வருது. ரெண்டுலயும் அழகப்ப செட்டியார் பேர்தான், ஆனா ஏ.சி.டெக்ங்குற அழகப்பா காலேஜ் ஆஃப் டெக்னாலஜி சென்னை கிண்டியில, 1944ல அவுக குடுத்த நன்கொடையில வந்தது, இப்ப அண்ணா யுனிவர்சிட்டி கேம்பஸ். காரைக்குடியில இருக்குறது 1952ல ஆரம்பிச்ச இன்ஜினியரிங் காலேஜ், கவர்மெண்ட் காலேஜ்தான். கவுன்சிலிங்ல சாய்ஸ் குடுக்கும்போது பேரைப் பாக்காதீக, காலேஜ் கோடு நம்பரைப் பாத்துப் போடுங்க. இன்னொண்ணு, அவுக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் குடுத்து 1953ல தொறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்மூர்லயே இருக்கு, அங்க கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல்ல பி.டெக் உண்டு. பேட்டரிக்கு இன்னைக்கு இருக்குற மவுசுக்கு, எம் பொண்ணா இருந்தா அதையும் லிஸ்ட்ல வைக்கச் சொல்லுவேன்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கச் சென்னையில ரூம் எடுக்கலாமா?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: கோச்சிங்குக்குன்னா போங்க தம்பி. வெறுமன உக்காந்து படிக்கன்னா கோட்டூர்புரத்துல 2010ல தொறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு, நம்ம சொந்தப் புத்தகத்தையே கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் வச்சிருக்காங்க. பழைய புத்தகம் பாக்கணும்னா எழும்பூர் கன்னிமாரா நூலகம், பல்லவன் ரயில்லேருந்து எறங்கி நடந்தே போயிரலாம். ஆனா ரூம் வாடகை, மெஸ் காசு எல்லாம் கூட்டிப் பாத்தீகளா? மதுரையில நத்தம் ரோட்டுல 2023லேருந்து கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, முதல்ல அங்க ஒரு மாசம் போய்ப் பாருங்க, பஸ் சார்ஜோட முடியும்.