மெடிக்கல் அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் வேலை போய்விடுமா?

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 17 ஆண்டுகளாக டிரைவராக இருக்கிறேன். வார விடுப்பு நாளில் பைக்கில் போனபோது லாரி மோதி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. டிரைவர் வேலைக்குத் தகுதியில்லை என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டது. “டியூட்டியில் நடந்த விபத்து இல்லை, மாற்றுப் பணி தர முடியாது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள், உங்கள் பையனுக்கு ஒரு வேலை பார்க்கலாம்” என்கிறார்கள். வற்புறுத்திக் கேட்டால், குறைந்த சம்பளத்தில் காவலாளி வேலை வேண்டுமானால் தரலாமாம். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டம் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறது. உங்கள் கையெழுத்து ஒன்றுதான் அதைச் சிக்கலாக்க முடியும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் பிரிவு 20(4)-ஐ நிதானமாகப் படியுங்கள். பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே ஊதிய விகிதத்திலும் அதே பணிப் பலன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான இடம் காலியாக இல்லையென்றால், அப்படி ஒன்று கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, சூப்பர்நியூமரரி பணியிடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதாவது, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் உங்களுக்கென்றே ஓர் இடம் உருவாக்குவது. ஆகவே “வேகன்ஸி இல்லை” என்ற பதிலை வைத்து உங்களை வெளியே அனுப்ப முடியாது.

சட்டம் சொல்வது “பணிக்காலத்தில்” என்றுதான். “பணியின்போது” என்று இல்லை. விபத்து டியூட்டியில் நடந்ததா, வார விடுப்பில் நடந்ததா என்பது இங்கே பொருட்டே அல்ல. டியூட்டி விபத்தா என்ற கேள்வி தொழிலாளர் இழப்பீட்டுக்கு உரியது. அதைக் கொண்டுவந்து மாற்றுப் பணிக் கோரிக்கையோடு குழப்புவது வழக்கமாக நடக்கிற தவறு. ஊனம் 40 சதவீதம் இருக்க வேண்டும் என்றும் யாராவது சொல்லக்கூடும். அந்த அளவுகோல் வேலை இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது. 20(4)-இல் அது கிடையாது.  காலிழப்பு, சட்டத்தின் அட்டவணையில் உள்ள இயக்கக் குறைபாட்டில் அடங்கும். போக்குவரத்துக் கழகம் அரசுக்குச் சொந்தமான கம்பெனி என்பதால், “அரசு நிறுவனம்” என்ற வரையறைக்குள் அதுவும் வருகிறது.

பையனுக்கு வேலை என்ற பேச்சை நம்பாதீர்கள். கருணை அடிப்படையிலான நியமனம், விதிகளுக்கு உட்பட்டுக் கிடைத்தால் கிடைக்கும் சலுகை. உங்கள் பணிப் பாதுகாப்போ உரிமை. சலுகையை நம்பி உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால், இரண்டுமே கைநழுவிப் போகலாம். பஞ்சாப் மின்வாரியத்தில் லைன்மேன் உதவியாளர் ஒருவர் பணிக்காலத்தில் பார்வை இழந்தார். தன் உரிமை தெரியாமல், ஓய்வு கொடுத்து மனைவிக்கு வேலை தரும்படி அவரே கடிதம் எழுதினார். வாரியம் அதைப் பிடித்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டது. பகவான் தாஸ் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், இது சட்டவிரோதம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் தரும் பாதுகாப்பை ஊழியருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது வாரியத்தின் கடமை என்பதே அதன் சாரம். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கும் இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும். ஆனால் அவர்கள் தாமதிக்கக் கூடாது. கால் இழந்த காவலர் குணால் சிங் வழக்கில் 2003-இலேயே இன்னொன்றும் தெளிவானது: இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டதால் மட்டும் இந்தக் கடமை தீர்ந்துவிடாது. இரண்டு தீர்ப்புகளும், முன்பு இருந்த 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு 47-ஐ ஒட்டியவை. அதே பாதுகாப்புதான் இப்போது 20(4)-இல் இருக்கிறது.

இனி செய்ய வேண்டியவை. மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். பிறகு மேலாண்மை இயக்குநருக்கு மனு எழுதி, பொது மேலாளருக்கும் கிளை மேலாளருக்கும் நகல் அனுப்புங்கள். மனுவின் மையம் இப்படி இருந்தால் போதும்:

“பணிக்காலத்தில் எனக்கு இயக்கக் குறைபாடு ஏற்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 20(4)-இன்படி, என் தற்போதைய ஊதிய விகிதம், பணிமூப்பு, ஊதிய உயர்வு ஆகியவை குறையாமல் மாற்றுப் பணி வழங்கக் கோருகிறேன். ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை என்று அறிவித்த நாள் முதல் எனக்குரிய சம்பளத்தையும், கழித்த விடுப்பையும் திரும்ப வழங்கக் கோருகிறேன். பணியில் சேர நான் தயாராக உள்ளேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டிலேயே இருந்துவிட்டால், “அனுமதியின்றி வரவில்லை” என்று சார்ஜ் மெமோ வரும். மருத்துவப் பிரச்சினை அப்படியே ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடும். மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள்.

காவலாளி வேலை தருவதாகச் சொன்னால், வேலையின் பெயரைப் பார்த்து மறுக்காதீர்கள்; உத்தரவில் ஊதிய விகிதம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். டைம் கீப்பர் அலுவலகம், டெப்போ எழுத்து வேலை என்று உட்கார்ந்து செய்யும் இடங்களைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். “புதிய நியமனம்” என்றோ குறைந்த ஊதியம் என்றோ உத்தரவு வந்தால், “உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் சேருகிறேன்” என்று எழுதிக் கொடுத்துச் சேர்ந்துவிட்டு, அதை எதிர்த்து வழக்குப் போடலாம். வண்டி ஓட்டினால் மட்டும் வரும் பேட்டா, இன்சென்டிவ் இவற்றை மாற்றுப் பணியில் கேட்பது கடினம். அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிரிவு 23-இன்படி ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். புகாரைப் பதிந்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதில் பலன் இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது, சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். ஆணையரின் பரிந்துரை மீது எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் கழகம் தெரிவிக்க வேண்டும். ஆனால் அது பரிந்துரைதான். ஓய்வு உத்தரவோ நீக்க உத்தரவோ கைக்கு வந்துவிட்டால் அங்கே காத்திருக்காமல், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்து இடைக்காலத் தடை கேளுங்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமலே சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

லாரி மோதியதற்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலும் இழப்பீடு கேட்பீர்கள். அது தனி வழக்கு, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அங்கே “எந்த வேலையும் செய்ய இயலாதவன்” என்றும், கழகத்திடம் “மாற்றுப் பணி செய்யத் தயார்” என்றும் எழுதினால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை உடைப்பார்கள். “டிரைவர் வேலை செய்ய இயலாது” என்று மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். இரண்டு வழக்கறிஞர்கள் என்றால், ஒருவர் மனுவை மற்றவரிடம் காட்டிவிட்டுத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.