ஆசிரியர் மேசை: சிட்னிக்குப் போகும் சிரட்டை

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் அருகே உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். என் தங்கை சிட்னியில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துப் பேசவைக்கலாம் என்றேன். "அக்கா, இங்கே அது சட்டப்படி முடியாது" என்று மறுத்துவிட்டாள். வீண் பயம்தானே?

பதில்: நான் தங்கை பக்கம். ஆனால் அவர் சொன்ன காரணத்தில் ஒரு திருத்தம் உண்டு. 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் அபராதம் பிள்ளைக்கு அல்ல, நிறுவனத்துக்கு; 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகும். அந்தத் தடையில் வாட்ஸ்அப் இல்லை, கூகுள் கிளாஸ்ரூமும் இல்லை.

அப்படியானால் குழு தொடங்கலாமா? வேண்டாம். சொந்தமாகக் கணக்கு தொடங்க வாட்ஸ்அப் கேட்கும் வயது 13. உங்கள் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டுதான் இருக்கும். அம்மாவின் எண்ணைச் சேர்த்தால், அந்த எண் முன்பின் தெரியாத அத்தனை வீடுகளுக்கும் போய்ச் சேரும். நானே ஒருமுறை பட்டவன். பேச்சுப் போட்டியில் வென்ற மாணவியின் படத்தைப் பெயரோடும் பள்ளிச் சீருடையோடும் ஃபேஸ்புக்கில் போட்டேன். மறுநாள் காலை அவள் தாய் வாசலில் நின்றார். பிரிந்து போன கணவருக்கு மகள் படிக்கும் இடம் தெரியக்கூடாது என்று அதுவரை மறைத்து வைத்திருந்தாராம். படத்தை நீக்க ஒரு நிமிடம்தான் ஆனது. அதற்குள் நூறு பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

கணக்குகள் உங்கள் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். பேட்லெட் போன்ற இணையப் பலகையில் ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகே பதிவு தெரியும்படி அமைக்கலாம். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கும் தேவையில்லை. முகம் வேண்டாம், முழுப்பெயர் வேண்டாம், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

நேரலைச் சந்திப்பை மறந்துவிடுங்கள். சிட்னியில் காலை பத்து மணி என்றால் நமக்கு ஐந்தரை. அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நான்கரை. அந்நேரத்தில் உங்கள் ஊரில் விழித்திருப்பவர்கள் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர்கள்தான். அவர்களிடமிருந்தே தொடங்கலாமே! தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பா ரப்பர் மரத்தில் சரிவாகக் கீறுவதையும், வெள்ளைப் பால் சிரட்டையில் சொட்டுவதையும் ஒரு பிள்ளை தன் குரலில் இரண்டு நிமிடம் சொல்லிப் பதிவு செய்யட்டும். கூடவே சிரட்டையின் படம் ஒன்று. சிட்னிப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத் தமிழில் மூன்று கேள்வி எழுதி அனுப்பட்டும். ‘சிரட்டை’ என்றால் என்ன என்பதுதான் முதல் கேள்வியாக வரும், பாருங்கள். திருநெல்வேலி தாண்டினாலே கொட்டாங்கச்சி என்றுதானே சொல்கிறார்கள்!

கேள்வி: ஆஸ்திரேலிய ஆசிரியர்களோடு பழக எனக்கொரு வழி சொல்லுங்கள். (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: இணையவழிப் பாடம் நடத்த உதவும் மூடுல் தளத்தின் ஆசிரியர் மன்றத்தில் இலவசமாகச் சேரலாம். உலகெங்கும் வகுப்பறைகளில் ஓடும் அந்த மென்பொருள் பெர்த் நகரத்துச் சரக்கு. முதல் பதிப்பு 2002-இல் வந்தது. உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ் சிறுவயதில் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனப் பகுதியில் இருந்துகொண்டு வானொலி வழியாகப் பள்ளிப்பாடம் கற்றவர். பக்கத்து வீடே பல மைல் தள்ளி இருக்கும் பிள்ளைகளுக்காக அந்நாட்டில் 1951-இல் தொடங்கிய ஏற்பாடு அது. சேர்ந்ததும் அறிமுகப் படலம் நீட்டாதீர்கள். உங்கள் வகுப்பில் சிக்கிய ஒரு சிறு பிரச்சினையைக் கேளுங்கள், பதில் வரும். மாணவரின் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் அங்கே வரக்கூடாது.