ஈரத்துணி போதாது, அம்மாவுக்கு ஒரு சுத்தமான அறை வேண்டும்
ஜன்னல்களை மூடியும் காட்டுத்தீப் புகை உள்ளே வருகிறது, ஆஸ்துமா உள்ள அம்மா மூக்கில் ஈரத்துணி கட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க. புகையில் உள்ள, 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள்தான் நுரையீரலின் ஆழம்வரை போகின்றன. துணி அவற்றைச் சரியாகத் தடுக்காது. வெளியே போயே ஆகவேண்டும் என்றால் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 முகக்கவசம். அதில் மூச்சு முட்டினால் வற்புறுத்தாதீர்கள்.

அதைவிட முக்கியம், ஓர் அறையை மட்டுமாவது சுத்தமாக வைப்பது. கதவிடுக்கில் துணி செருகி, ஹெப்பா (நுண்துகள்களைப் பிடிக்கும்) வடிகட்டி உள்ள ஏர் ப்யூரிஃபையரை அங்கேயே இரவு பகலாக ஓடவிடுங்கள். ஏசி இருந்தால் வெளிக்காற்றை இழுக்காதபடி வையுங்கள். மெழுகுவத்தி, எண்ணெயில் பொரிப்பது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம், இன்ஹேலர் அடித்தும் திணறல் குறையவில்லை, பேசவே சிரமப்படுகிறார், உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.