செலவழிஞ்ச துட்டு

அன்புள்ள அக்கா,

கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. வயது 36. கையில் வரும் சம்பளம் 65,000. மகள் மூன்றாம் வகுப்பு. நான்கு வருடங்களுக்கு முன் பழைய கார் ஒன்று வாங்கினேன். மாதாமாதம் கணக்கு எழுதுகிறேன், கடைசியில் 12,000 ரூபாய் மிஞ்சத்தான் செய்கிறது. ஆனால் வருடத்தில் மூன்று முறை திடீர்ச் செலவு வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிறது. இந்த ஜூனில் பள்ளிக் கட்டணமும் கார் இன்சூரன்ஸும் ஒன்றாக வந்தன. பள்ளிக்குக் கட்டிவிட்டு இன்சூரன்ஸைத் தள்ளிப்போட்டேன். நூறு நாள் கழித்துப் போனால், இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக மூன்று வருடம் சேர்ந்த 35 சதவீதத் தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ், போய்விட்டது என்கிறார்கள். கிரெடிட் கார்டில் தேய்த்து இ.எம்.ஐ. ஆக்கினேன். மனைவிக்கு அது பிறகுதான் தெரிந்தது. காரை விற்றுவிடச் சொல்கிறாள். யூடியூபில் 50-30-20 என்கிறார்கள், சம்பளத்தில் தேவைக்குப் பாதி, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதமாம். ‘ஆகாறு அளவிட்டி தாயினும்’ என்று வள்ளுவர் சொல்கிறார். என் அம்மாவோ இன்னமும் வட்டியே இல்லாத தீபாவளிப் பலகாரச் சீட்டு கட்டிக்கொண்டிருக்கிறார்! கணக்கு எழுத எந்தச் செயலி நல்லது? காரை விற்றுவிடலாமா?

ச., கோவை

அன்புள்ள ச.,

போன வாரம்தான் என் வண்டிக்கு நான்கு டயரும் மாற்றினேன். கடைப் பையன் பழைய டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு பின்பக்கம் போனான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் அப்பா ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் உங்கள் கடிதம். இல்லையென்றால் வரவு செலவு பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

செயலி எதுவானாலும் சரி. நோட்டும் பேனாவும் போதும். 50-30-20 எல்லாம் யாரோ யாருக்கோ சொன்னது, விடுங்கள். குறளையும் விடுங்கள். அது வரும் வழியின் அகலத்தையும் போகும் வழியின் அகலத்தையும் பற்றிப் பேசுகிறது. உங்கள் வீட்டில் அகலம் சரியாகத்தான் இருக்கிறது. தண்ணீர் எந்த மாதம் போகும் என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது ‘திடீர்ச் செலவு’ என்ற சொல்லைப் பார்த்துத்தான். தம்பி, இன்சூரன்ஸ் எப்படித் திடீர்ச் செலவாகும்? அது முடியும் தேதியைப் போன வருடமே அச்சடித்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி ஜூனில் திறக்கும் என்பது உங்களுக்கு மூன்று வயதிலிருந்து தெரியும். வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை. தீபாவளி எந்த நாள் என்று காலண்டரில் சிவப்பு மையில் போட்டிருக்கிறது. டயரிலும் தேதி உண்டு. குனிந்து பக்கவாட்டில் பாருங்கள், கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2320 என்று இருந்தால் 2020ஆம் வருடத்தின் 23ஆம் வாரம் செய்த டயர். அது என்றைக்குக் கிழடாகும் என்று கணக்குப் போட சோசியர் வேண்டாம். நள்ளிரவில் பிள்ளைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அது திடீர். ஜூன் மாதம் வருவது திடீர் இல்லை.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பட்டியலை ஒரு பழைய உறையின் பின்புறம் போட்டுப் பார்த்தேன். காருக்கு இன்சூரன்ஸ் 13,000, இரண்டு சர்வீஸ் 12,000. நான்கு டயர் 20,000 என்கிறீர்கள், ஐந்து வருடத்துக்கு வைத்தால் வருடத்துக்கு 4,000. பேட்டரி 5,000, நான்கு வருடத்துக்கு என்றால் 1,250. ஆக 30,250. வீட்டுப் பக்கம் பள்ளி 60,000, வரி 7,000, தீபாவளி 25,000. எல்லாம் சேர்த்து 1,22,250. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,187 ரூபாய் சொச்சம்.

இப்போது உங்கள் 12,000 ரூபாய் மிச்சத்தைப் பாருங்கள். அதில் உண்மையில் மிச்சம் 1,800. நீங்கள் பத்தாயிரத்தையும் மிச்சம் என்று நினைத்து மாதாமாதம் எங்கோ விட்டிருக்கிறீர்கள். எங்கே என்று நான் கேட்கப்போவதில்லை. பட்டியலிலேயே ஒரு கைபேசியும் ஒரு ஊட்டியும் தெரிகின்றன.

என் அப்பா தென்காசியில் டாக்ஸி ஓட்டினார். சொந்த வண்டி, டீசல் அம்பாசிடர். உங்களைப் போல ஒன்றாம் தேதி சம்பளம் அவருக்கு இல்லை. ஆனியிலிருந்து ஆவணி வரை குற்றாலம் சீசன். கார்த்திகை ஒன்றிலிருந்து மகரஜோதி வரை சாமிமார்களை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று சபரிமலை ஓட்டம். நடுவில் முகூர்த்தத்துக்கு ஒன்றிரண்டு வாடகை. மற்ற நாளெல்லாம் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எங்கள் ஊர்க் குளங்களும் அப்படித்தான், இரண்டு மழையில் பெருகும். அதை மடை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தான் இரண்டு போகமும் விளைய வேண்டும்.

வீட்டில் சாமி படத்துக்குக் கீழே மூன்று ஓலைக் கொட்டான்கள் இருக்கும். ஒன்று டயருக்கு. ஒன்று எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு. இன்னொன்று குவார்ட்டர் டாக்ஸுக்கும் இன்சூரன்ஸுக்கும். எஃப்.சி. என்றால் சும்மா காட்டிவிட்டு வருவதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துவதற்குள் டிங்கரிங், பட்டி பார்த்துப் பெயிண்ட், சீட்டு உறை என்று ஒரு வாரம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும். அந்த வாரம் வருமானமும் கிடையாது. அதனால் அந்தக் கொட்டானில் ஒரு வாரத்து அரிசிக் காசும் உண்டு. அப்பா படித்தது ஐந்தாவது. வண்டி நிற்கும் நாளுக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

டயர்க் கொட்டானுக்கு அவர் வைத்திருந்த கணக்கு, கிலோமீட்டருக்குப் பத்துப் பைசா. ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் முதலில் மீட்டரைப் பார்ப்பார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். பிறகுதான் கை கால் கழுவுவது. இருநூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் இருபது ரூபாய் உள்ளே போகும். வாடகை பேசியபடி வந்ததா, பார்ட்டி ஏமாற்றிவிட்டானா என்பதெல்லாம் கணக்கில்லை. சக்கரம் சுற்றியது, டயர் தேய்ந்தது, காசு உள்ளே போக வேண்டும்.

1987 ஜூனில் எனக்குத் திருநெல்வேலியில் கல்லூரி கிடைத்தது. ஹாஸ்டலுக்கும் ஃபீஸுக்குமாக 900 ரூபாய் உடனே கட்ட வேண்டும். டயர்க் கொட்டானில் 1,100 இருப்பது எனக்குத் தெரியும், எண்ணிக்கொடுப்பதே நான்தான். எடுத்துத் தாருங்கள் என்றேன். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். அம்மாவின் இரண்டு வளையலைக் கழற்றிக்கொண்டுபோய் அடகு வைத்தார். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. கையில் பணம் இருக்க வட்டிக்கு வாங்குகிற மனிதரை எங்கேயாவது கண்டதுண்டா? நான் கத்தினேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “ஏட்டி, அது நம்ம துட்டு இல்ல. அது செலவழிஞ்ச துட்டு. கடைக்காரன் இன்னும் வந்து வாங்கல, அவ்ளோதான்.”

நான் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. அம்மாவின் மொட்டைக் கையைப் பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அந்த வருடம் முழுக்க ஹாஸ்டலில் என்னோடு இருந்த பிள்ளைகளிடம் என் அப்பா ஒரு கஞ்சன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வளையல் மார்கழியில் மீண்டது. ஆறு மாத வட்டி 108 ரூபாய்.

கணக்குப்படி அப்பா செய்தது தப்பு. இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கொட்டானிலிருந்து எடுத்துக்கொண்டு சீசன் வருமானத்தில் திருப்பி வைத்திருந்தால் 108 ரூபாய் மிச்சம். ஆனால் என் முப்பது வயதுக்கு மேல், சொந்தக் குடும்பம் நடத்தத் தொடங்கி, வீட்டு வரிக்கு வைத்த காசில் பட்டுப்புடவை எடுத்து, பிறகு அலுவலகத்தில் கைமாற்று வாங்கி வரி கட்டிய ஒரு நாளில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அடகுக் கடைக்காரன் வாசலில் வந்து நிற்பான். கொட்டான் வந்து நிற்காது. நம்மிடம் நாமே வாங்கிய கடனைக் கேட்க ஆள் கிடையாது. அப்பாவுக்குத் தன்னைப் பற்றி அது தெரிந்திருக்கிறது. கேட்பதற்கு ஓர் ஆளை 108 ரூபாய் கொடுத்து வைத்துக்கொண்டார். சீசனுக்கு முன்னால் டயரும் மாற்றியாயிற்று, கார்த்திகை ஓட்டத்தில் அடகில் கிடந்த வளையலும் அவரைத் துரத்தியது.

உங்கள் அம்மாவின் பலகாரச் சீட்டைக் கிண்டல் செய்கிறீர்கள். அந்தம்மாள் வட்டி வாங்கவில்லை, உண்மைதான். நீங்கள் வட்டி கொடுக்கிறீர்கள், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் கொடுக்கிறீர்கள். தீபாவளிக்கு யார் வீட்டில் கார்டு தேய்த்தார்கள், யார் வீட்டில் தேய்க்கவில்லை? சீட்டுப் பிடிப்பவர் ஓடிப்போகிற ஆபத்து உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. ஒன்றை 12 மாதத்துக்குப் போடுங்கள், முடியும் மாதத்தை இன்சூரன்ஸ் மாதத்துக்கு முந்தியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதாமாதம் ஒருவர் வந்து “இந்த மாசம் சீட்டு?” என்று கேட்பது இருக்கிறதே, அதற்குத்தான் உங்கள் அம்மா அந்த வட்டியை விட்டுக்கொடுக்கிறார்.

இன்னொரு விஷயம். இதைத் திட்டாமல் விட முடியாது. போனஸ் போனது பெரிய நஷ்டம் இல்லை. அது சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில்தான் கழியும். இருபதில் தொடங்கி மறுபடி ஏறும், ஐந்து வருடத்தில் ஐம்பதுக்கு வரும். தொண்ணூறு நாள் பொறுப்பார்கள், நீங்கள் நூறு நாள் ஆக்கினீர்கள், போயிற்று. அந்த நூறு நாளும் வண்டியை எடுத்தீர்களா? பெண்ணைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பள்ளியில் விட்டீர்களா? 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ரோட்டில் ஏறவே கூடாது. போலீஸ் பிடித்தால் முதல் தடவை 2,000 ரூபாய், அது பெரிசில்லை. ஒரு சைக்கிள்காரர் மேல் தட்டியிருந்தால்? அந்த மனிதரின் குடும்பத்துக்கு நீங்கள் சம்பளம் சம்பளமாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருக்கும். ஏதும் நடக்கவில்லை, சரி. எதையாவது தள்ளிப்போட வேண்டியிருந்தால் சர்வீஸைத் தள்ளியிருக்கலாம், ஊட்டியைத் தள்ளியிருக்கலாம். தள்ளக்கூடாத ஒன்றைப் பார்த்துத் தள்ளியிருக்கிறீர்கள்.

மனைவியிடம் மறைத்ததற்கும் திட்ட வேண்டும்தான். ஆனால் அதை அவரே செய்திருப்பார் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. எங்கள் கொட்டான்கள் அம்மாவின் கண்ணுக்கு நேராக இருந்தன. வளையலைக் கழற்றிக் கொடுத்தபோது அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, எதற்கென்று அவளுக்குத் தெரியும். உங்கள் மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் கைபேசியில் வந்த ஒரு குறுஞ்செய்தி. அந்த 1,22,250 ரூபாய்க் கணக்கை இருவருமாக உட்கார்ந்து மறுபடி போடுங்கள். அவர் இரண்டு மூன்றைச் சேர்ப்பார் பாருங்கள். நாத்தனார் வீட்டு வளைகாப்பு, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, மிக்ஸி. ஆண்களின் பட்டியலில் மிக்ஸி வருவதில்லை.

காரை விற்பதா என்று கேட்டிருந்தீர்கள், நான் எங்கெங்கோ போய்விட்டேன். இந்தக் கடனை முடியுங்கள், ஒரு வருடம் ஒதுக்கிப் பாருங்கள், பிறகு இருவருமாகப் பேசிக்கொள்ளுங்கள். இப்போதைக்குக் கீழே இறங்கிப் போய் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா