கெட்டுப்போன சமையலா?

வணக்கம் சார்,

புலம்பெயர்ந்தவர்களின் சமையலைப் பற்றி நீங்கள் பாராட்டி எழுதியதைப் படித்தேன். வெளிநாட்டில் கடை போடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களின் நாக்குக்காகத் தங்கள் சமையலைக் கெடுத்துக்கொள்வதுதானே நடக்கிறது? அமெரிக்காவில் விற்கும் சீன உணவைச் சீனாவிலிருந்து வருகிறவர் சீன உணவென்றே ஒப்புக்கொள்வதில்லை. இதைப் போய்க் கொண்டாட வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

அவர் ஒப்புக்கொள்ளாதது நியாயம்தான். ஆனால் நீங்கள் நாக்கை மட்டும் பார்க்கிறீர்கள். அதற்கு முன்னால் சட்டம் இருக்கிறது, பிழைப்பு இருக்கிறது. 1882-ல் அமெரிக்கா சீனத் தொழிலாளிகள் உள்ளே வரத் தடை போட்டது, வணிகர்கள் போன்ற சிலருக்கு மட்டும் ஒரு சந்து விட்டுவைத்தது. 1915-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவகம் நடத்துகிறவரும் வணிகர்தான் என்று ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான், சீன உணவகங்கள் மளமளவென்று பெருகின. சமையல் கலையைப் பரப்பும் ஆசையெல்லாம் இல்லை, ஊருக்குப் போய்வரவும் உறவுக்காரனைக் கூட்டிவரவும் கடை முதலாளி ஆவது ஒரு வழியாக இருந்தது. ஜெர்மனியிலும் ஏறக்குறைய இதே கதை. 1961 ஒப்பந்தப்படி ஆலை வேலைக்கு வந்த துருக்கியர்களில் பலர் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வேலை இழந்தார்கள், ரொட்டிக்குள் டோனர் இறைச்சியும் (செங்குத்துக் கம்பியில் சுழற்றிச் சுட்டுச் சீவியது) சாலட்டும் சாஸும் அடைத்துக் கையில் கொடுக்கிற கடைகள் அப்புறம்தான் பெர்லினில் பெருகின.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் தென் அமெரிக்காவின் பெரு நாடு. 1849-லிருந்து 1874 வரை, பெரும்பாலும் தென் சீனாவின் குவாங்டாங் பகுதியிலிருந்து, ஒரு லட்சம் பேர் அளவுக்குச் சீனர்கள் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கரும்பு, பருத்தித் தோட்டங்களில் வேலை, கடலோரத் தீவுகளில் உரத்துக்காகப் பறவை எச்சம் வெட்டுகிற வேலை. கூலியோடு அரிசியும் ஒப்பந்தத்தில் உண்டு. காலம் முடிந்து தப்பிப் பிழைத்தவர்களில் பலர் தலைநகர் லிமாவின் மையச் சந்தைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அங்கிருந்து வளர்ந்த சமையலில் ஒன்றுதான் லோமோ சல்டாடோ. வாணலி புகையும் அளவுக்குச் சூடேறியதும் கீற்றாக நறுக்கிய மாட்டிறைச்சியைப் போட்டு, கனமாக வெட்டிய வெங்காயம், தக்காளி, அந்த நாட்டு மஞ்சள் மிளகாய், சோயா சாஸ், கொஞ்சம் வினிகர் என்று சில நிமிடங்களில் இறக்கிவிடுவார்கள். தக்காளி கரையக் கூடாது, வெங்காயம் பல்லில் கடிபட வேண்டும். கூடவே உருளைக்கிழங்கு வறுவல், அதே தட்டில் சோறும். கிழங்கு ஆண்டிஸ் மலையுடையது, தீயும் வாணலியும் சீனருடையது. இதில் யாருடைய சமையல் கெட்டது, சொல்லுங்கள்? இன்று பெருக்காரர்கள் இதைத் தங்கள் நாட்டு உணவு என்றுதான் சொல்வார்கள்.

அதற்காக எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1909-ல் லிமாவில் சீனர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது, அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு குறுந்தெருவையே நகர நிர்வாகம் இடித்துத் தள்ளியது. அந்தக் கடைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஊர்தான் இதையும் செய்தது.

நாக்குக்காக மாற்றுவதே கிடையாது என்று சொல்லவில்லை. மெக்சிகோவுக்குப் போன லெபனான்காரர்கள் செங்குத்துக் கம்பியில் ஆட்டிறைச்சி சுட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், பன்றியிறைச்சிக்குத் தடை இல்லை. அது கம்பியில் ஏறியது, பிறகு மிளகாய் மசாலா, சோள ரொட்டி, மேலே ஒரு துண்டு அன்னாசி என்று டாக்கோஸ் அல் பாஸ்டோர் ஆகிவிட்டது. பெய்ரூட்காரர் இதைப் பார்த்தால் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

சரி, நீங்கள் சொன்ன அமெரிக்கச் சீன உணவு எனக்கும் பிடிக்காது, அநியாயத்துக்கு இனிப்பு. ஆனால் அது என் நாக்கின் வழக்கு, அதை வைத்து அந்தச் சமையல்காரருக்குத் தீர்ப்பு எழுத மாட்டேன்.