ஸ்டான்ஸ்டெட் வேலைக்குக் காசு கட்டலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் படிப்பு முடிந்து, படித்தவர்கள் தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசாவில் இருக்கிறீர்கள். மலிவு விலை விமானக் கம்பெனியில் கேபின் க்ரூ வேலை வாங்கித் தருவதாக ஒருவர் 1,800 பவுண்டு 'டிரெய்னிங் ஃபீஸ்' கேட்கிறார், கட்டலாமா? லண்டனை ஒட்டிய ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துப் பக்கம் வாடகை எப்படி? ஊருக்கு இலவச டிக்கெட் கிடைக்குமா? வாடகை எங்கே போனாலும் கொள்ளைதான், அதை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். டிக்கெட் விஷயம், இந்தக் கம்பெனி விமானங்கள் திருச்சி வரைக்கும் வராது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காசு மட்டும் கட்டாதீர்கள்.

வேலை தேடுகிறவரிடமே வேலை வாங்கித் தரக் காசு வாங்கக் கூடாது என்று இந்த நாட்டில் 1973-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால்தான் அதற்கு 'டிரெய்னிங்' என்று பெயர் வைக்கிறார்கள். இதைச் செய்கிறவர் பெரும்பாலும் நம்ம ஆளாகவே இருப்பார். கோட் போட்டு, டவர் பிரிட்ஜ் முன்னால் நின்று படம் எடுத்து, 'அண்ணன் இருக்கேன்ல' என்பார். வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவர்தான் அடுத்து வருகிறவருக்கு வழிகாட்டி. நம்மவர்கள் நிறைய இருக்கும் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இந்த ரகத்தை நிறையப் பார்த்துவிட்டேன்.

அவர் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கேபின் க்ரூ வேலைக்குப் போகும் இடத்தில் உங்கள் பாஸ்போர்ட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிரிட்டிஷ் விசா இத்தாலி மாதிரி ஐரோப்பிய நாடுகளில் செல்லாது. விமானம் பனியில் மாட்டி மிலானில் இரவு தங்க நேர்ந்தால் என்ன செய்வது என்று யோசிக்கிற கம்பெனி, இந்திய பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் தயங்கத்தான் செய்யும். நீங்கள் வேலை தொடங்கி முடிக்கும் ஊரை, அதாவது 'பேஸ்', அங்கே மாற்றிவிட்டால் நீங்கள் போகவும் முடியாது.

சரி, வேலை கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் ஏன் குறைவாக இருக்கிறது என்பது தொழில் ஓடும் விதம் தெரிந்தால்தான் புரியும். விமானம் தரையில் நிற்கிற நேரத்துக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. அதனால் வந்து நின்றதிலிருந்து கிளம்புவது வரை 25 நிமிடம்தான். அதற்குள் நூற்றெண்பது பேர் இறங்கி, இன்னொரு நூற்றெண்பது பேர் ஏறி, பெட்டியெல்லாம் மாறி, எரிபொருளும் போட்டாக வேண்டும். முன்கதவு, பின்கதவு இரண்டிலும் படிக்கட்டு, ஏரோபிரிட்ஜ் கிடையாது. அயர்லாந்தின் மலிவு விலைக் கம்பெனி ரயன்ஏர் சீட்டின் பின்னால் பையே வைக்க மாட்டார்கள், வைத்தால் குப்பை சேரும், அதை எடுக்க நேரம் ஆகும். சீட் சாயாது, சாயாத சீட் பழுதாவதும் குறைவு. கேபின் க்ரூவே குப்பையும் பொறுக்குவார்கள். ராத்திரிக்குள் விமானம் கிளம்பின ஊருக்கே திரும்பிவிடும், அதனால் ஹோட்டல் செலவும் இல்லை. 50 சீட்டுக்கு ஒரு க்ரூ என்பது சட்டம். அவர்களுடைய பழைய போயிங் 737-ல் 189 சீட், புதியதில் 197. இரண்டுக்கும் நாலு பேர் போதும். இருநூறைத் தாண்டினால்தான் ஐந்தாவது ஆள். இதெல்லாம் ஐரோப்பாவில் பிறந்த யோசனை இல்லை. டெக்சாஸில் 1971-ல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் காட்டிய வழி. அதைப் பார்த்து வந்த ரயன்ஏர் தலைமை அதிகாரி மைக்கேல் ஓ'லியரி இன்னும் கஞ்சத்தனமாகச் செய்தார், அவ்வளவுதான்.

இப்படி நேரத்தை விற்கிற கம்பெனி உங்கள் நேரத்தை எப்படி வாங்கும்? அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்கும். மீதி, பறந்த நேரத்துக்கும் உள்ளே விற்கிற சாண்ட்விச், சென்ட், லாட்டரிச் சீட்டு கமிஷனுக்கும் வரும். விளம்பரத்தில் 'இவ்வளவு வரை' என்று போட்டிருக்கும். அந்த 'வரை' ஜூலை, ஆகஸ்ட் மாதக் கணக்கு. ஒருவர் வருஷத்துக்கு 900 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அதனால் எவ்வளவு உழைத்தாலும் ஒரு அளவோடு நின்றுவிடும். நவம்பர் வந்தால் பறப்பது குறையும், வாடகை குறையாது. கான்ட்ராக்ட் கையில் வந்தால் குளிர்காலத்தில் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் தருவார்கள், உங்கள் முதலாளி விமானக் கம்பெனியா, நடுவில் இருக்கிற ஏஜென்சியா, பயிற்சிச் செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று பாருங்கள். எதையும் வாய்ச்சொல்லில் நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால், தரையில் வேலை பாருங்கள். நான் 2006-ல் வந்து முதலில் சேர்ந்தது ஒரு கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனி, அதாவது விமானத்துக்குத் தரை வேலை பார்க்கிற கம்பெனி. பெயர் வேண்டாம், இப்போதும் வயிறு எரியும். ஷிப்ட் அதிகாலை நாலு மணிக்கு. அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ராத்திரி கோச் பிடித்து, டெர்மினல் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுப்பேன். விமானம் ரத்தானால் 'வீட்டுக்குப் போ' என்பார்கள், வந்த நேரத்துக்குக் காசு இல்லை. இன்று புதிதாக வருகிறவர்கள் கார் இல்லை, ஹீட்டர் இல்லை என்று அழும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்புதான் வரும். அப்புறம் டிஸ்பாட்சர் ஆனேன். மஞ்சள் கோட், கையில் ரேடியோ, குச்சி மாதிரி நான். அந்த 25 நிமிடத்துக்கும் பொறுப்பு நான்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் விசில் ஊதுகிற வேலைதான், பஸ் மட்டும் கொஞ்சம் பெரிசு.

ஒரு காலை நேரம் சொல்கிறேன். எல்லோரும் ஏறிவிட்டார்கள், பேப்பரில் 186, உள்ளே எண்ணினால் 185. விமானம் கிளம்ப ஸ்லாட் என்று ஒரு நேரம் கொடுத்திருப்பார்கள். அதற்கு 5 நிமிடம் முன்னால் இருந்து 10 நிமிடம் பின்னால் வரைதான் கணக்கு. தவறினால் புது ஸ்லாட், அது ஒன்றரை மணி நேரம் கழித்துக்கூட வரும். ஆள் இல்லையென்றால் அவர் பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். 737-ன் வயிற்றில் நிமிர்ந்து நிற்க முடியாது, பையன்கள் முட்டி போட்டுத்தான் பெட்டி அடுக்குவார்கள். கேப்டன் ஜன்னல் வழியாக விரல் காட்டுகிறார், ஐந்து நிமிடமா, பத்தா என்று. மறுபடி எண்ணச் சொன்னேன். பின்பக்கக் கழிப்பறையிலிருந்து ஒரு தாத்தா வந்தார்.

சிரிக்கலாம். ஆனால் காலை ஆறு மணி விமானம் இழந்த நேரம் இரவு வரை கூடவே வரும். மூன்று மணி நேரம் தாமதமாகிவிட்டால், 1,500 கிலோமீட்டருக்குள் ஆளுக்கு 220 பவுண்டு இழப்பீடு. தப்பு கம்பெனியுடையது என்றால் 15 பவுண்டுக்கு டிக்கெட் வாங்கியவருக்கும் அதே 220. 186 பேருக்கு 40,920 பவுண்டு. ஏன் எல்லோரும் கேட்டில் கத்துகிறார்கள் என்று இப்போது புரியும்.

கேட்டில் பெட்டி அளக்கிற கும்பலைத் திட்டாதவர் யாரும் இல்லை. அளவு மீறிய பெட்டியைப் பிடிக்கும் ஊழியர்களுக்குப் பெட்டிக்கு ஒன்றரை யூரோ கொடுத்ததை 2025-ல் இரண்டரை ஆக்கிவிட்டேன் என்று ஓ'லியரியே பகிரங்கமாகச் சொன்னார். எனக்கு அது பிடிக்காது. நம்ம ஊர்க்காரர்கள் ஊறுகாய் பாட்டிலைக் கோட் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு வருவதும் எனக்குத் தெரியும், கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன்.

ஸ்டான்ஸ்டெட்டில் அப்போது முழுக்க பிசினஸ் கிளாஸ் ஓட்டிய கம்பெனிகளும் இருந்தன. மேக்ஸ்ஜெட் 2007 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மூடியது. இயோஸ் அடுத்த ஏப்ரலில். பட்டு மாதிரிப் போர்வை, தோல் சீட், எல்லாம் போச்சு. பக்கத்து ஸ்டாண்டில் சாயாத சீட்டுக்காரன் அன்றைக்கும் 25 நிமிடத்தில் கிளம்பிக்கொண்டிருந்தான். எங்கள் டிப்பார்ட்மெண்டில் பாதிப் பேர் அந்த பிசினஸ் கிளாஸ் கம்பெனிகளுக்கு மாற ஆசைப்பட்டவர்கள்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விமான நிலைய பாஸ் வாங்க ஐந்து வருஷத்துக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று காட்ட வேண்டும். 28 நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் அதற்கும் காரணம், சாட்சி கேட்பார்கள். இதில்தான் நம்மவர்கள் மாதக்கணக்கில் சிக்குவார்கள், ஏனென்றால் ஊரில் படித்த கல்லூரியிலிருந்து மெயில் வர வேண்டும். இப்போதே ஆரம்பியுங்கள். நீங்கள் போடும் மெயிலுக்குப் பதில் வராது. அப்பாவையோ மாமாவையோ கல்லூரிக்கு அனுப்பி, ஆபீஸில் மெயில் திறக்கிற ஆள் யார், எந்தக் கிழமை இருப்பார் என்று விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.