முதல் ஆர்சி விமானத்துக்கு லிப்போ பேட்டரி வாங்கலாமா?

ரிமோட்டில் பறக்கும் முதல் ஆர்சி விமானம் வாங்கப் போகிறீர்கள், கடையில் 3எஸ் 2200 லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) எடுக்கச் சொல்கிறார்கள், நண்பர்களோ அது தீப்பிடிக்கும் என்கிறார்கள், வேறு பேட்டரி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லிப்போவே வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால், ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றும் ஒரு நல்ல பேலன்ஸ் சார்ஜர் வாங்குங்கள். பேட்டரியில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, சார்ஜரில் வேண்டாம்.

மற்ற வகைகளும் இருக்கின்றன. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கு 1.2 வோல்ட்தான். ஆறு செல் சேர்த்த 7.2 வோல்ட் பேக்கை கார்களில் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும், அதனால் சின்னப் பிள்ளைக்குக் கார் வாங்கினால் அதையே சொல்வேன். விமானத்துக்கு அதன் எடை ஒத்துவராது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் லிப்போவை விடச் சாது. விமானத்தில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு மட்டும் மின்சாரம் கொடுக்க நல்லது.

சரி, லேபிளில் உள்ள எண்களுக்கு வருவோம். 3எஸ் என்றால் மூன்று செல் தொடராக. செல்லுக்கு 3.7 வீதம் 11.1 வோல்ட், முழுதாக ஏற்றினால் 12.6. அடுத்து 25சி என்று இருக்கும். 2200 எம்ஏஎச் என்பது 2.2 ஆம்பியர்-மணி, அதை 25ஆல் பெருக்கினால் 55 ஆம்பியர். அந்த அளவு வரை இழுக்கலாம் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. இந்த சி எண்ணை நிறையப் பேர் தாராளமாகவே அச்சடிக்கிறார்கள், முழுதாக நம்ப வேண்டாம். உங்கள் மோட்டார் முழு வேகத்தில் 25 ஆம்பியர் இழுத்தால், லேபிள் கணக்கில் அதற்கு இரண்டு மடங்கு தருகிற பேட்டரியாகப் பாருங்கள். அதிக நேரம் பறக்கலாம் என்று பெரிய பேக் போடாதீர்கள். எடை கூடும், ஈர்ப்பு மையம் நகரும், பழகாத கையில் விமானம் அடங்காது.

தீ எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஒரு செல் 4.20 வோல்ட்டைத் தாண்டி ஏறினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும். செல்லின் இரு மின்முனைகளைப் பிரித்து வைக்கும் தடுப்புப் படலம் கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் ஆவியாகி, எரியும் வாயுவாக வெளியே வரும். ஆகவே முதல் காவல் சார்ஜர்தான். பேக்கில் மெல்லிய கம்பிகளோடு ஒரு வெள்ளை பிளக் தொங்கும். அதையும் செருகி, பேலன்ஸ் முறையிலேயே ஏற்றுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியாகப் பார்க்கும். வேகம் 1சி, அதாவது 2200 பேக்குக்கு 2.2 ஆம்பியர். திரையில் லிப்போ, 3எஸ் என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படியுங்கள். நிக்கல் முறையில் விட்டால் சார்ஜர் வோல்டேஜ் லேசாக இறங்குவதற்காகக் காத்திருந்து ஏற்றிக்கொண்டே போகும். லிப்போவுக்கு அதை விட ஆபத்து வேறில்லை.

சார்ஜ் போட்டுவிட்டுக் கடைக்குப் போவது, தூங்கப் போவது கூடவே கூடாது. மெத்தை, சோபா, கார்பெட் மேலும் வேண்டாம். சிமெண்ட் தரையிலோ மொட்டை மாடி நிழலிலோ வைத்து, பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகை நச்சு, கிட்டே போய் முகர வேண்டாம்.

சார்ஜ் இறங்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. பறக்கும்போது செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போகவே கூடாது. தரையிறங்கிய பிறகு ஓய்வில் 3.7 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். இதற்கு எளிய வழி, கொள்ளளவில் 80 சதவீதம் மட்டும் செலவழிப்பது. 2200-இல் அது 1760 எம்ஏஎச். சராசரியாக 15 ஆம்பியர் இழுத்தால் ஏழு நிமிடம் வரும். ரிமோட்டில் டைமரை ஐந்தரை நிமிடத்துக்கு வைத்துத் தொடங்குங்கள், இரண்டாம் முறை தரையிறங்கப் பார்க்கவும் மின்சாரம் மிச்சம் இருக்கும். அப்புறம், எப்போதும் ரிமோட்டை முதலில் ஆன் செய்து, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் குச்சி கீழே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேட்டரியை இணையுங்கள். கழற்றும்போது பேட்டரி முதலில், ரிமோட் கடைசியில். புரொபெல்லர் விரலைப் பதம் பார்த்துவிடும்.

மழை வந்து வார இறுதி போய்விட்டால் முழு சார்ஜில் வைத்திருக்காதீர்கள். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு முறை இருக்கும், செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட்டில் கொண்டுபோய் நிறுத்தும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விடவே கூடாது.

விமானம் மூக்கால் மோதி விழுந்தால் பேட்டரியை உடனே கழற்றி, காய்ந்த புல் இல்லாத வெட்டவெளியில் வைத்து அரைமணி நேரமாவது கவனியுங்கள். தீ உடனே வர வேண்டும் என்றில்லை. உப்பிய பேக்கை ‘இன்னும் ஒரு தடவை’ என்று பறக்கவிடாதீர்கள், அழுத்தியோ குத்தியோ பார்க்காதீர்கள். சின்ன பல்பு ஒன்றை மாட்டி, திறந்தவெளியில் மெதுவாகச் சார்ஜை முழுதும் இறக்கி, முனைகளில் டேப் சுற்றி மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். கனெக்டரை வெட்டி எடுக்க வேண்டுமானால் சிவப்புக் கம்பியை முதலில் வெட்டி டேப் சுற்றிவிட்டு, அப்புறம் கறுப்பு. இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்தரியே ஷார்ட் செய்துவிடும்.